காசு எவர் சொல் கேட்கும்?



ஏழாம் வகுப்பில் எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி நடத்திக்கொண்டிருந்தேன். ‘பத்து’ என்னுஞ் சொல் வந்தபோது, சட்டைப்பையிலிருந்த பத்து உருபாத் தாளை எடுத்து மாணவர் கையிற் கொடுத்து, “இதில் தமிழ் எங்கே இருக்கிறது? கண்டு சொல்லுங்கள்” என்றேன். முன்பக்கம் பார்த்தார்கள். இந்தி இருந்தது; ஆங்கிலம் இருந்தது; தமிழ் இல்லை. பின்பக்கம் திருப்பினார்கள். அங்கே ஒரு சிறு கட்டத்துள் எறும்பு ஊர்ந்தாற்போலப் பதினைந்து வரிகள். ஒரு பெண் மேலிருந்து விரல்வைத்து எண்ணிக்கொண்டே வந்து, “பதின்மூன்றாவது வரி, ஐயா!” என்றாள்.

ஆம், அசாமியத்தில் தொடங்கி உருதுவில் முடியும் அப்பட்டியலில் தமிழுக்கு இடம் பதின்மூன்று. அதற்கு மேலே, எவ்வூர்ச் சந்தையிலும் எவரும் விலைகேட்கப் பயன்படுத்தாத சமற்கிருதத்துக்கு இடம் பன்னிரண்டு! 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமற்கிருதத்தைத் தாய்மொழியாகப் பதிந்தோர் நாடு முழுமையும் 24,821 பேர். தமிழைப் பதிந்தோர் ஏறத்தாழ ஏழு கோடி. கேட்டால், ‘ஆங்கில அகரவரிசைப்படி வைத்தோம்’ என்பர். தன் நாட்டுப் பணத்தில் தன் மொழிக்கு இடம்பெறத் தமிழன் ஆங்கில நெடுங்கணக்கின் இரக்கத்தை எதிர்நோக்கி நிற்கிறான்!

இதை நான் சொல்லி முடிக்குமுன் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “ஐயா, கைப்பேசிக்குள்ளேயே இப்போது அரசு காசு அடிக்கிறதாமே! அதில் தமிழ் எத்தனையாவது வரி?” என்று கேட்டான்.

நீண்ட காலமாகப் பிள்ளைகட்குத் தமிழ் சொல்லி வருபவன் யான். அவ்வினாவுக்கு என்னால் உடனே விடை சொல்ல இயலவில்லை. வீட்டுக்கு வந்து சட்டத்தைப் படித்தேன், அறிக்கைகளைப் படித்தேன். படித்தபின் விளங்கியது இதுதான்: தாளில் தமிழ் பதின்மூன்றாவது வரியிலேனும் கிடக்கிறது, எண்மக் காசில் அஃது எந்த வரியிலும் இருந்தே ஆகவேண்டும் என்னுங் கட்டாயம் இல்லை. அதனினும் கொடிது ஒன்றுண்டு. அக்காசு நம் கையிலிருந்தும் நம் சொற் கேளாதபடி செய்வதற்குரிய வழி அதற்குள்ளேயே திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.

இக்காசு யாது?

‘ரிசர்வ் வங்கி’ என்று நாளேடுகள் எழுதும் இந்திய ஏம வைப்பகம், 2022 நவம்பர் 1-இல் பெருந்தொகைக் கொடுக்கல் வாங்கலுக்கும், அதே ஆண்டு திசம்பர் 1-இல் பொதுமக்களின் சில்லறை வணிகத்துக்கும் ‘எண்ம உருபா’ ஒன்றை வெள்ளோட்டமாக விட்டது. கடைகளில் சதுரப் படத்தைக் காட்டிப் பணம் செலுத்துகிறோமே, அந்த யு.பி.ஐ. முறை வேறு, இது வேறு. யு.பி.ஐ. என்பது பணம் செல்லும் பாதை மட்டுமே. அப்பாதையிற் செல்லும் பணம் நம் வைப்பகக் கணக்கில் உள்ள பணம்; அஃதாவது அவ்வைப்பகம் நமக்குத் தரவேண்டிய கடன். எண்ம உருபாவோ ஏம வைப்பகமே நேராக வெளியிடுங் காசு. தாள் எப்படியோ அப்படியே இதுவும் சட்டப்படி செல்லத்தக்கது. தாளிலும் நாணயத்திலும் உள்ள அதே மதிப்புகளில் கைப்பேசிச் செயலிக்குள் இது கிடக்கும். இதற்கு வட்டி இல்லை. தாள் மடிப்புக்குள் இருப்பதுபோல இது கண்ணாடித் திரைக்குள் இருக்கும் என்பதே அவர்தம் விளக்கம்.

அவர்கள் தேர்ந்தெடுத்த நாளைப் பாருங்கள். நவம்பர் 1! எம் குமரி மாவட்டத்தார்க்கு அந்நாள் எத்தகைய நாள் என்பது தமிழறிந்தார் அனைவரும் அறிந்ததே. 1956-ஆம் ஆண்டு அந்நாளில்தான் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தாய்த்தமிழகத்தொடு சேர்ந்தன. 1954 ஆகசுட்டு 11-இல் புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் குண்டேந்தி வீழ்ந்தவர்கள் எதற்காக வீழ்ந்தார்கள்? தம் பிள்ளைகள் தமிழில் படிக்கவும், தமிழில் மனுக் கொடுக்கவும், தமிழில் ஆளப்படவும் வேண்டும் என்பதற்காக அன்றோ? அவர்கள் உயிர்கொடுத்துப் பெற்ற நாளில், தமிழுக்கு உறுதியான இடம் ஏதும் குறிக்கப்படாத ஒரு காசு பிறந்தது. அது தற்செயலே என்று வைத்துக்கொள்வோம். தற்செயலும் சிலபோது உண்மையைச் சொல்லிவிடும்.

வெள்ளோட்டம் எங்கெங்கே நடந்தது? முதற்கண் மும்பை, புதுதில்லி, பெங்களூரு, புவனேசுவரம் ஆகிய நான்கு நகரங்கள். அடுத்து அகமதாபாத், கேங்டாக், குவாகாத்தி, ஐதராபாத், இந்தோர், கொச்சி, இலக்னோ, பாட்னா, சிம்லா ஆகிய ஒன்பது நகரங்கள். பதின்மூன்று நகரங்களின் பட்டியல்! மலைமேல் உள்ள சிம்லா இருக்கிறது, கேங்டாக் இருக்கிறது. சென்னை இல்லை, கோவை இல்லை, மதுரை இல்லை. பின்னர் மற்ற ஊர்கட்கும் விரித்தார்கள் என்பது உண்மையே. ஆயினும் பந்தி போடும்போது எவரை முதலில் அமர்த்துகிறான் என்பதில் அன்றோ வீட்டுக்காரன் மனம் தெரியும்?

எவர் கேட்டார் இதை?

மக்கள் எவரேனும் இக்காசு வேண்டுமென்று கேட்டார்களா? கணக்கைப் பாருங்கள். 2023 மார்ச்சு முடிவில் இருவகையிலுமாகப் புழங்கிய எண்ம உருபா 16 கோடியே சில்லறை. 2024 மார்ச்சில் 234 கோடி. 2025 மார்ச்சில் 1,016 கோடி. ஏறியிருக்கிறதே என்பீர். அதே 2025 மார்ச்சில் நாட்டில் புழங்கிய தாட்பணம் 36 இலக்கம் கோடி உருபாவுக்கும் மேல். வகுத்துப் பாருங்கள், தாட்பணம் பத்தாயிரம் உருபா என்றால் எண்மப் பணம் மூன்று உருபாவும் தேறாது!

நாளொன்றுக்குப் பத்து இலக்கம் கொடுக்கல் வாங்கல் நடக்கவேண்டும் என்று 2023-இல் இலக்கு வைத்தார்கள். அவ்வாண்டு திசம்பரில் இலக்கை எட்டினார்கள். எப்படி எட்டினார்கள்? வைப்பகங்கள் தம் பணியாளர்க்குத் தரவேண்டிய படித்தொகைகளை எண்ம உருபாவாகப் போட்டுக் கணக்கைத் தூக்கிவிட்டன. 2024-ஆம் ஆண்டின் நடுவில் அவ்வெண்ணிக்கை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. கூலிக்கு ஆள்பிடித்துக் கூட்டிய கூட்டம் மாலையில் கலைவது புதுமையன்று.

பிற நாடுகளிலும் இதே கதைதான். பகாமாத் தீவுகள் 2020-இலும், நைசீரியா 2021-இலும் இத்தகைய காசை வெளியிட்டன. நைசீரியாவில் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்ட எண்மப் பணப்பைகள் ஒரு கிழமை முழுதும் அசைவின்றிக் கிடந்தன என்று அனைத்துநாட்டுப் பண நிதியத்தின் ஆய்வே சொல்லிற்று. 2023 தொடக்கத்தில் அந்நாட்டு அரசு பழைய தாள்களை மாற்றப் புறப்பட்டுத் தாட்பணத்துக்குப் பெரும்பஞ்சத்தை உண்டாக்கிற்று. மக்கள் தெருவுக்கு வந்தனர். இறுதியில் அந்நாட்டு உச்ச வழக்குமன்றம் குறுக்கிட்டுப் பழைய தாள்களே அவ்வாண்டு முடியும்வரை செல்லும் என்று தீர்ப்பளித்தது. மக்கள் விரும்பாததை மக்கள் தலையில் ஏற்ற முயன்றால் வருவது இதுவே.

சட்டம் சொல்வது என்ன?

2022 பிப்பிரவரி 1-இல் நாடாளுமன்றத்தில் இக்காசை அறிவித்தவர் மதுரையிற் பிறந்த அம்மையார் நிர்மலா சீதாராமன். அவ்வாண்டு நிதிச் சட்டத்தின் வழியாக, 1934-ஆம் ஆண்டு ஏம வைப்பகச் சட்டத்தில் 22-அ என்னும் புதிய பிரிவு நுழைக்கப்பட்டது. அதைத் தமிழர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். 24, 25, 27, 28, 39 ஆகிய பிரிவுகள் எண்ம வடிவப் பணத்துக்குப் பொருந்தா என்று அது கூறுகிறது.

அப்பிரிவுகளுள் இரண்டை மட்டும் நோக்குவோம். 25-ஆம் பிரிவு பணத்தாளின் வடிவும் அமைப்பும் பொருளும் நடுவண் அரசின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும் என்பது. தாளின் பின்பக்கத்து மொழிக்கட்டம் அவ்வாறு ஒப்புதல் பெற்ற வடிவத்தின் ஒரு பகுதி. தமிழ் அங்கே தனிச்சட்டம் ஒன்றின் வலுவால் நிற்கவில்லை; வடிவத்தின் வழக்கத்தால் நிற்கிறது. எண்மக் காசுக்கு அவ்வடிவப் பிரிவே இல்லையென்றால் தமிழ் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? செயலியை எழுதுபவன் நினைத்தால் தமிழ் வரும், நினைக்காவிடில் போகும். ஓரினத்தின் மொழியுரிமை ஒரு செயலிக்காரனின் விருப்பத்தில் தொங்குகிறது!

39-ஆம் பிரிவு, தாளைக் கொடுத்து வேறு வடிவக் காசாக மாற்றிக் கேட்டால் ஏம வைப்பகம் தரவேண்டும் என்னுங் கடப்பாடு பற்றியது. அதுவும் எண்மக் காசுக்குப் பொருந்தாது. ‘இப்போது வைப்பகக் கணக்குக்கு மாற்றிக்கொள்ள விடுகிறோமே’ என்பர். விடுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் விடுதல் வேறு, உரிமை வேறு. விடுபவன் நாளைக்குத் தடுக்கவும் செய்வான்.

தமிழகச் சட்டமன்றம் இதைப் பற்றி ஒரு சொல் சொல்ல இயலுமா? இயலாது. பணமும் நாணயமும் அரசமைப்புச் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் 36-ஆம் எண்ணிலும், ஏம வைப்பகம் 38-ஆம் எண்ணிலும் அடைபட்டுக் கிடக்கின்றன. வரி கொடுக்க நாம். வடிவம் குறிக்க அவர்கள்.

எழுத்தும் காசும்

‘காசில் எழுத்து எதற்கு? செல்லுபடியானாற் போதாதா?’ என்று நம்மவரே சிலர் கேட்பர். எழுத்தின்றிக் காசு அடித்தவர் அல்லர் நம் முன்னோர். ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே பாண்டியன் தன் காசில் ‘பெருவழுதி’ என்று தமிழி எழுத்தில் பொறித்தான். சேரன் ‘மாக்கோதை’ என்றும் ‘குட்டுவன் கோதை’ என்றும் பொறித்தான். அக்காசுகள் இன்றும் உள்ளன, கண்ணுள்ளோர் காணலாம். காசில் உள்ள எழுத்து அழகுக்கு இட்ட கோலம் அன்று; ‘இது எம் மண்ணின் உழைப்பு; இதற்கு யாம் பொறுப்பு’ என்று ஓரினம் தன் மொழியில் இட்ட கையெழுத்து. இதையும் ஒளியாமற் சொல்வேன்: தஞ்சைப் பெருங்கோயில் எடுத்த இராசராசனே தன் பெயரைக் காசில் நாகரி எழுத்திற் பொறித்தான். பிறர் நம்மை இறக்குமுன் நாமே இறங்கிநின்ற இழிவு அது. அன்று குனிந்த முதுகு இன்னும் நிமிர்ந்தபாடில்லை.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2010 சூலை 15-இல் உருபாவுக்கு ஒரு குறியீடு ஏற்கப்பட்டது. அதை வரைந்தவர் உதயகுமார் என்னுந் தமிழர். நாகரி எழுத்தையும் உரோம எழுத்தையும் இணைத்து வரைந்தார். தமிழன் கைத்திறத்துக்கு அங்கு இடமிருந்தது. தமிழ் எழுத்துக்கு இடமில்லை! 2016 நவம்பரில் வந்த புதிய தாள்களில் நாகரி எண்கள் ஏறின. ஒன்றியத்தின் அலுவற் பயன்பாட்டுக்கு அனைத்துநாட்டு வடிவ எண்கள் என்றே அரசமைப்புச் சட்டத்தின் 343-ஆம் உறுப்புக் கூறுகிறது. அதைச் சுட்டி உயர் வழக்குமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கே தொடுக்கப்பட்டது. 2025 மார்ச்சில் தமிழக அரசு தன் வரவுசெலவுத் திட்ட இலச்சினையில் அக்குறியீட்டை விடுத்து ‘ரூ’ என்னும் எழுத்தை வைத்தபோது, வடக்கே எழுந்த கூச்சலை நாம் கேட்டோம். ரகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது. ‘உரு’ என்றே எழுதுதல் வேண்டும் என்பது என் போன்ற இலக்கணக்காரனின் தனிக்குறை. அதை நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம். ஒரே ஓர் எழுத்துக்கு அத்தனைக் கூச்சல் எழுந்தது ஏன் என்பதன்றோ எண்ணத்தக்கது? காசில் உள்ள எழுத்துக்கு ஆற்றல் இல்லையென்றால் அவர்கள் ஏன் பதறினார்கள்?

கடல்கடந்த தமிழர் இதில் நமக்கு ஆசான்கள். மொரீசியசு நாட்டில் தமிழர் சிறுபான்மையர். கரும்புத் தோட்டத்துக்கு உழைக்கச் சென்றோரின் வழிவந்தோர் பலர். அந்நாட்டுப் பணத்தாளில் ஆங்கிலத்தை அடுத்துத் தமிழ் இருந்தது. 1998-இல் அந்நாட்டு நடுவண் வைப்பகம் வெளியிட்ட புதிய தாள்களில் தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே வைத்தார்கள். தமிழர் கொதித்தெழுந்தனர். ஒரு வரி மேலா கீழா என்று வாளா இருந்தார்களில்லை. அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. மறு ஆண்டே பழைய வரிசைப்படி புதிய தாள்கள் அடிக்கப்பட்டன. சிங்கப்பூர்க் காசிலும் தாளிலும் தமிழ் எழுத்து உண்டு. ஏழு கோடித் தமிழர் வாழும் நாட்டிலோ, பதின்மூன்றாவது வரியும் பறிபோகக்கூடும் என்பதை நமக்கு ஏழாம் வகுப்புப் பையன் சொல்லவேண்டியிருக்கிறது!

கட்டளைக்குப் பணியுங் காசு

எழுத்துப் போவது மானக்கேடு. இனிச் சொல்லப்போவது வயிற்றுக்கேடு.

தாட்பணத்துக்கு ஓர் அருங்குணம் உண்டு. அது வைத்திருப்பவன் சொல்லைக் கேட்கும். தோவாளைப் பூச்சந்தையில் விடியுமுன் பிச்சி கொடுத்து வாங்கிய நூறு உருபாவை அப்பெண் அரிசிக்குக் கொடுக்கலாம், மருந்துக்குக் கொடுக்கலாம், முந்தானையில் முடிந்துவைத்து மகள் திருமணத்துக்குச் சேர்க்கலாம். ‘ஏன், எதற்கு’ என்று அத்தாள் கேட்காது. எண்மக் காசை அவ்வாறன்றி, ‘இதற்கே செல், இவரிடமே செல், இந்நாளுக்குள் செல்’ என்று பணிக்கப்பட்ட காசாகவும் ஆக்கமுடியும். இஃது எம் கற்பனையன்று. இத்தகைய கட்டளையேற்கும் வசதியைச் சேர்க்கப்போவதாக 2024 பிப்பிரவரியில் ஏம வைப்பகமே அறிவித்தது. ஒடிசாவில் ‘சுபத்ரா’ என்னும் மகளிர் உதவித் திட்டத்தில் ஒரு பகுதியினர்க்கு எண்ம உருபாவாகவே தொகை வழங்கப்பட்டது. சீனத்தில் 2020 அக்தோபரில் சென்சென் நகரத்தார் ஐம்பதாயிரவர்க்கு ஆளுக்கு இருநூறு யுவான் எண்மக் காசாகக் கொடுத்து, அம்மாதம் 18-ஆம் நாளுக்குள் செலவிடாவிட்டால் அது மறைந்துபோகும் என்று விதித்தார்கள். கெட்டுப்போகும் மீனைக் கண்டிருக்கிறோம். கெட்டுப்போகுங் காசை அங்கே கண்டார்கள்!

‘உழவனுக்குக் கொடுத்த உதவி உரத்துக்கே சென்றால் நல்லதுதானே? குடிகாரக் கணவன் கைக்குப் போகாமல் இருக்குமே?’ என்று கேட்பர். நயமான கேள்விதான். ஆனால், உழவனுக்கு உரம் வேண்டுமா, பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து வேண்டுமா என்பதை அன்றன்று அறிபவன் உழவனா, தொலைவில் அமர்ந்து கட்டளை எழுதுபவனா? இன்று உதவித்தொகையில் தொடங்குவது நாளை கூலியில் வராது என்பதற்கு உறுதி என்ன? 2024 சனவரி 1 முதல் நூறுநாள் வேலைக் கூலி ஆதார் வழியாகவே செல்லும் எனக் கட்டாயப்படுத்தினார்கள். ழகரமும் றகரமும் உள்ள நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஒரு தாளில் ஒருவகையாகவும் மறுதாளில் வேறுவகையாகவும் எழுதிவைத்தால், செய்த வேலைக்குக் கூலி பெறவும் எழுத்துத் திருத்த அலையவேண்டும். ஓர் எழுத்துப் பிழை ஓர் ஏழையின் அடுப்பை அணைக்கும் முறைக்கு ஏற்கெனவே நம்மைப் பழக்கிவிட்டார்கள். காசே கட்டளைக்குப் பணியுமானால் அப்பிழை காசுக்குள்ளேயே குடியேறும்.

மறைவு பற்றியும் சொல்லவேண்டும். சிறுதொகைக்குத் தடம் பாரோம், பெருந்தொகைக்கே தடம் உண்டு என்பது 2022 அக்தோபரில் ஏம வைப்பகம் வெளியிட்ட கருத்துரையின் கொள்கை. எது சிறிது, எது பெரிது என்று வரம்பு கிழிப்பவர் எவர்? கிழித்தவரே அழித்தும் கிழிக்கலாம்.

புயலில் நின்றது எது?

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல் எம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட நாள். இரப்பர் மரங்கள் முறிந்தன. வாழைத் தோட்டங்கள் பாயாய்ப் படுத்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கிற் சாய்ந்தன. கடலுக்குச் சென்றோர் பலர் மீளவேயில்லை. எம் ஊரில் நாட்கணக்கில் விளக்கெரியவில்லை. கைப்பேசிகள் ஒவ்வொன்றாக உயிரிழந்தன. தாள் தரும் பொறிகள் வாய்மூடின. அந்நாட்களில் தெருமுனைக் கடைக்காரர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அரிசியும் மரச்சீனிக்கிழங்கும் நிறுத்துக் கொடுத்தார். கையில் நனைந்த தாள் இருந்தவன் கொடுத்தான். இல்லாதவன் கணக்கில் எழுதினான். நனைந்த தாளும் செல்லுபடியாயிற்று. அண்டை வீட்டு மூதாட்டி அரிசிப் பானைக்குள் மறைத்து வைத்திருந்த எண்ணூறு உருபா மூன்று குடும்பங்களுக்கு உலைவைத்தது.

அப்புயலின் ஐந்தாண்டு நினைவு கழிந்த மறுநாளே, 2022 திசம்பர் 1-இல், மக்களுக்கான எண்ம உருபா வந்தது. இணையம் இல்லாமலும் இயங்கும் வகையைக் கொணர்வோம் என்றார்கள். இணையம் இல்லாமல் இயங்கட்டும். மின்னேற்றம் இல்லாமல் கைப்பேசி இயங்குமா? அரிசிப் பானைக்குள் கைப்பேசியைப் போட்டுவைத்தால் உலை கொதிக்குமா?

என் பாட்டி பணத்தைச் ‘சக்கரம்’ என்றே சொல்வார். திருவிதாங்கூர்க் காசின் பெயர் அது. பதினாறு காசு ஒரு சக்கரம்; நான்கு சக்கரம் ஒரு பணம்; வெள்ளைக்காரன் உருபாவுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம். 1949-இல் அத்தனியரசு முடிந்தது, சக்கரமும் வழக்கொழிந்தது. ஆயினும் பாட்டியின் செப்புக்குள் சில சக்கரங்கள் கிடந்தன. அரசு போனபின்னும் வெள்ளி வெள்ளியாகவே இருந்தது; செம்பு செம்பாகவே இருந்தது. எண்மக் காசு வழக்கொழிந்தால் செப்புக்குள் என்ன கிடக்கும்?

‘அரசு அப்படிச் செய்யுமா?’ என்று கேட்போர் 2016 நவம்பர் 8-ஆம் நாளை மறந்தவர்கள். ஓர் இரவில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமற் போயின. புழங்கிய பணமதிப்பில் நூற்றுக்கு எண்பத்தாறு பங்கு! கறுப்புப் பணம் ஒழியும் என்றார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் வைப்பகத்துக்குத் திரும்பி வந்துவிட்டதென்று ஏம வைப்பகமே 2018-இல் கணக்குக் காட்டிற்று. வரிசையில் நின்று வாடியவர் எளியவர். அன்றைக்குத் தாளாக இருந்ததால் எடுத்துக்கொண்டுபோய் நிற்கவேனும் ஒரு பொருள் கையில் இருந்தது.

எதிர்ப்பார் சொல்வனவும் நம் விடையும்

நாம் அறிவியலை வெறுப்பவர் அல்லேம். யு.பி.ஐ. வழியாகத் தேநீர்க் கடைக்கும் பணம் போகிறது; சில்லறைத் தட்டுப்பாடு குறைந்தது; ஒப்புகிறோம். தாள் அடிக்கச் செலவாகிறது. 2021-22-இல் மட்டும் 4,984 கோடி உருபாவுக்கு மேல் என்று அவர்களே காட்டுகிறார்கள். கள்ளத்தாள் ஒழியும், வைப்பகம் நொடித்தாலும் இக்காசு நொடிக்காது என்கிறார்கள். அவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறோம். செலவு குறையும் என்பதற்காகத் தெருவிளக்கை அணைப்பாருண்டா? கையில் உள்ள காசு மக்களின் பொதுவுரிமை. அதற்கு ஆகுஞ் செலவு ஆளுவோர் தரும் கொடையன்று. மக்கள் வரியில் மக்களுக்கே ஆகுஞ் செலவு.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. முதலாவது, எண்ம உருபாவின் முகத்திலும் அதைக் கையாளும் ஒவ்வொரு செயலியிலும் தமிழ் இருந்தே ஆகவேண்டும் எனச் சட்டத்திலேயே எழுதப்படல் வேண்டும். சலுகையாக அன்று, பிரிவாக. இரண்டாவது, தாட்பணத்தை எந்தக் கடையும், எந்த அலுவலகமும் மறுத்தலாகாது. எண்மக் காசைக் கொடுத்துத் தாளாகப் பெறும் உரிமை குடிமக்கட்கு உறுதிசெய்யப்படல் வேண்டும். மூன்றாவது, கூலிக்கும் ஓய்வூதியத்துக்கும் உணவுப்பங்கீட்டுக்கும் கட்டளைக்காசு, கெடுநாட்காசு ஆகியவற்றைப் புகுத்தலாகாது. இவற்றைத் தமிழகச் சட்டமன்றம் தீர்மானமாக நிறைவேற்றித் தில்லிக்கு அனுப்புதல் வேண்டும்.

கோரிக்கை தில்லிக்கு, கடமை நமக்கு. காசோலையை வட்டார மொழியில் எழுதலாம் என்று ஏம வைப்பகத்தின் நெறிமுறைகளே சொல்கின்றன. நம்முள் எத்தனை பேர் தமிழில் எழுதுகிறோம்? சென்ற ஆண்டு எம் மாவட்டத்து வைப்பகமொன்றில் — பெயர் வேண்டா — தமிழறியாத அலுவலர் முன்னே ஒரு மீன்கார அம்மை, தன் பணத்தைத் தான் கேட்பதற்குச் சொல்லின்றி நின்றார். அவர்க்காக நான் பேசினேன். வெளியே வந்ததும், “சாரே, என் சக்கரத்த கேக்க எனக்கு வேற பாசை படிக்கணுமா?” என்று கேட்டார். என் கல்லூரிப் படிப்பு முழுவதும் அவ்வொரு வினாவுக்கு முன் தலைகுனிந்து நின்றது. தமிழ்ப் படிவம் கேளுங்கள், தமிழில் கையெழுத்திடுங்கள், செயலியில் தமிழைத் தேர்ந்தெடுங்கள், தமிழ் இல்லையென்றால் இல்லையென்று எழுதிக்கொடுங்கள். வாய்திறவா இனத்துக்குக் காசும் வாய்திறவாது.

மறுநாள் வகுப்புக்குப் போனேன். கடைசி வரிசைப் பையனிடம் சொன்னேன்: “தம்பி, அக்காசில் தமிழுக்கு இன்னும் வரியே குறிக்கவில்லை. எத்தனையாவது வரி என்பது நாம் எவ்வளவு உரக்கக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.”

அவன் சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்படியானால் முதல் வரியே கேட்போம், ஐயா!” என்றான்.

பிள்ளைக்கு இருக்கும் துணிவு பெற்றோர்க்கு வருக!